ஆறாமீன் உச்சிக்கு வந்த நேரம்

ராஜபாளையத்தில் அந்தப் பழைய வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டிருந்தார்கள். மாடிப்படிக்கு அடியில் அடைந்து கிடந்த சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டபோது, கடைசியாக வந்தது ஒரு கயிற்றுக் கட்டில். வேப்பமரச் சட்டம் உளுக்கவில்லை. கயிறுதான் நைந்து கால்மாட்டில் தொங்கியது. பழைய சாமான் எடுக்க வந்தவர் அதைத் தூக்கித் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். தேங்காய் நாரின் புழுதி வாசனை முற்றமெங்கும் எழுந்தது.

"அது மட்டும் இருக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர். அறுபதை நெருங்குகிறவர். சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியை வாங்கி வெளியூர்களுக்கு அனுப்பும் வியாபாரம். எதையும் தேவைக்கு மேல் வைத்துக்கொள்ளாத மனிதர்.

"இனிமே இதுல யாருங்க படுக்கப் போறா?" என்று மனைவி கேட்டார். அவர் கட்டிலின் சட்டத்தில் உட்கார்ந்து, நைந்த கயிற்றை விரலால் நீவிக்கொண்டே, "அம்மா இதுலதான் உக்காந்திருக்கும்" என்றார்.

அம்மா அதில் படுத்ததைவிட உட்கார்ந்திருந்த இரவுகள்தான் அதிகம். அப்பாவுக்கு நூற்பாலையில் வேலை. 1930களில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து, அந்த ஊரில் பல குடும்பங்களின் சாப்பாட்டு நேரத்தையும் தூக்க நேரத்தையும் மில் ஷிப்டுதான் முடிவு செய்தது. பகல் ஷிப்டு, அரைநைட்டு, முழுநைட்டு என்று வாரம் மாறி மாறி வரும். அப்பாவுக்கு அரைநைட்டு வரும் வாரங்களில் அவர் வேலை முடிந்து சைக்கிளை மிதித்து வீடு வந்து சேர நள்ளிரவு ஆகிவிடும். வீட்டில் கடிகாரம் கிடையாது. ராத்திரிச் சங்கு காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் காதில் விழும். அம்மா நம்பியிருந்தது வேறொன்றை. முற்றத்துக் கட்டிலில் உட்கார்ந்து தலையை அண்ணாந்து பார்ப்பார். "ஆறாமீன் உச்சிக்கு வந்துருச்சு. அப்பா வர்ற நேரம்" என்று சொல்லிவிட்டு ரசத்தைச் சூடு பண்ண எழுந்து போவார். சைக்கிள் மணி கேட்கும்போது தட்டு வைத்தாகிவிட்டிருக்கும்.

கோலத்துக்கு வைத்த ஆறு புள்ளி மாதிரி ஒட்டி ஒட்டி நிற்கும் அந்தச் சிறு நட்சத்திரக் கூட்டத்தை, அப்போது சிறுவனாக இருந்த அவன் முதலில் பார்த்தது அம்மாவின் விரல் நுனியில்தான். பஞ்சாங்கத்தில் அதன் பெயர் கார்த்திகை. பழந்தமிழில் அறுமீன் என்றும் ஆரல் என்றும் சொன்னார்கள். அம்மாவுக்கு அது ஆறாமீன்.

கார்த்திகை மாதத் தொடக்கத்தில் அந்தக் கூட்டம் நள்ளிரவை ஒட்டித்தான் ராஜபாளையத்தின் உச்சிக்கு வரும். ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பதரைப் பாகையில் இருக்கிறது. கூட்டம் 24 பாகையில். ஆகையால் நேர் உச்சியிலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி நிற்கும். கட்டிலில் வடக்கே பார்த்து உட்கார்ந்து நன்றாகத் தலையை அண்ணாந்தால் போதும். ஆனால் ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் அது முந்திக்கொள்ளும். மாதத்துக்கு இரண்டு மணி நேரம். மார்கழியில் பத்து மணிக்கெல்லாம் உச்சிக்கு வந்துவிடும், தையில் எட்டரைக்கு. அம்மா பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றவர். இந்தக் கணக்கை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. "மார்கழி பிறந்துட்டா அதை நம்பக்கூடாது. அது மலைப்பக்கம் பாதி இறங்கினாத்தான் அப்பா வருவாக" என்பார். ஒரு வானவியல் உண்மையை இவ்வளவு சுருக்கமாக மகன் பின்னால் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

மலைப்பக்கம் என்றால் மேற்கு. ராஜபாளையத்தில் எந்த மாடியில் ஏறி நின்றாலும் மேற்கே தொடர்ச்சி மலை சுவர் வைத்தாற்போல் நிற்கும். அதனால் இந்த ஊரில் எந்த நட்சத்திரமும் தன் முழு நேரத்துக்கு வானத்தில் இருப்பதில்லை. அடிவானம் தொடுவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே மலை அதை வாங்கிக்கொள்ளும். கிழக்கே சமவெளி. சிவகாசிப் பக்கமிருந்து எல்லாம் தடையின்றி மேலே வரும்.

பள்ளி விடுமுறை விட்டால் மம்சாபுரம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மலையடிவாரத்தை ஒட்டிய ஊர். அங்கே தாத்தாவுக்குக் கொஞ்சம் நஞ்சை, ஒரு கிணறு, நாலு தென்னை. கமலை கட்டி இறைத்த காலம் முடிந்து மோட்டார் வந்துவிட்டிருந்தது. ஆனால் மோட்டார் ஓடுவதற்கான மும்முனை மின்சாரம் பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். எனவே தாத்தா ராத்திரியில் எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போவார். பேரனும் கூடவே கிளம்பிவிடுவான்.

"ஏ அய்யா, வரப்பைப் பாத்து நட. மேல அப்பறமா பாக்கலாம்" என்பார் தாத்தா. மடையைத் திருப்பிவிட்டு இரண்டு பேரும் மோட்டார் ரூம் திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் மேலே பார்க்க அனுமதி. கமலை ஓட்டிய நாட்களில் தாத்தாவுக்கு வானம்தான் அலாரம். ஆனி மாத விடியலில், இரண்டு மாதம் போலக் கண்ணில் படாமல் இருந்த ஆறாமீன் கிழக்கே முதன்முதலாகத் தலைகாட்டும். ஆடிப் பட்டத்துக்கு விதையைப் பார்த்து வைக்க வேண்டும் என்பதற்கு அது அடையாளம். ஆடி, ஆவணியில் அது மேலே ஏற ஏற, மாட்டைப் பூட்டி முதல் சால் இறைக்கிற நேரமும் அதை வைத்தே. சித்திரை பிறக்கும்போது சாயங்காலம் மேற்கே மலை மேல் தொங்கும். வைகாசிக்குள் காணாமல் போயிருக்கும். "சூரியன்கிட்டப் போய் ஒளிஞ்சுக்கிடும். திரும்பி வரும்" என்பார். அப்படித்தான் நடக்கிறது. மே மாதம் 20-ஆம் தேதியை ஒட்டி, சூரியன் வானத்தில் அந்தப் பகுதியைக் கடக்கிறது. ஆனி, ஆடியில் மலைக்கு அந்தப் பக்கத்து மழை இந்தப் பக்கம் சாரலாகத் தெறிக்கும்போது கிழக்கே வானம் மூடிக்கொண்டிருந்தால், தாத்தா நாலைந்து நாள் விடாமல் எழுந்து பார்ப்பார்.

எத்தனை தெரிகிறது என்று எண்ணுவதுதான் அந்தத் திண்ணையின் விளையாட்டு. பேரன் வாயைப் பிளந்து உற்றுப் பார்ப்பான். "முறைச்சுப் பாத்தா ஒளிஞ்சுக்கிடும். பாக்காத மாதிரிப் பாரு. பக்கத்துல பாரு" என்று தாத்தா சொல்வார். கொஞ்சம் ஓரமாகப் பார்வையை வைத்தால், ஆச்சரியமாக இன்னும் ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும். கண்ணின் நடுப்பகுதி பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் ஆனது. மங்கிய ஒளியைப் பிடிக்கும் செல்கள் அதற்கு வெளியேதான் நெருக்கமாக இருக்கின்றன. இன்றும் வானியலாளர்கள் தொலைநோக்கியில் மங்கலான பொருளைப் பார்க்க இதையே செய்கிறார்கள். தாத்தா ஒருபோதும் ஆறுக்கு மேல் எண்ணியதில்லை. பேரன் ஒரு நாள் எட்டு என்றான். "சின்னக் கண்ணு. இருக்கும்" என்று தாத்தா ஒப்புக்கொண்டார். கூர்மையான கண்ணுக்கு, நல்ல இருட்டில், எட்டும் ஒன்பதும் தெரிவது உண்மைதான்.

அப்பத்தாவுக்கு ஆறாமீன் மங்கிக்கொண்டே வந்தது. "அங்கன ஒரு புகை மாதிரி இருக்கு, அம்புட்டுத்தான்" என்று ஒரு கார்த்திகையில் சொன்னார். விளக்குத் திரியில் எண்ணெய் ஊற்றும்போதும் அகலுக்கு வெளியே ஊற்றிவிடுவார். கண்புரை. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபின், தென் மாவட்டங்களில் ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம்கள் நடந்துகொண்டிருந்த காலம். அப்படி ஒரு முகாமில் பார்த்து, மதுரைக்குக் கூட்டிப்போய் அறுவைச் சிகிச்சை செய்து அனுப்பினார்கள். தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்த அப்பத்தா, கட்டு அவிழ்த்த பிறகு முதலில் பார்த்தது பேரன்களின் முகத்தை. இரண்டாவதாக, ராத்திரி முற்றத்துக்கு வந்து நின்று, "ஒண்ணு, ரெண்டு..." என்று எண்ணினார். ஐந்து வந்தது. "ஆறாவது எங்க போயிருக்கும்? அதுக்கும் வயசாயிருச்சோ என்னமோ" என்றவரின் குரலில் இருந்த நிறைவு, அன்று அங்கே நின்ற பிள்ளைகள் எல்லாருக்கும் இன்னும் நினைவிருக்கிறது.

மார்கழியில் அப்பத்தா பேரனை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போவார். முதல் பஸ்ஸைப் பிடித்தால் விடியும் முன்னே ஆண்டாள் கோயில் வாசலில் இறங்கலாம். பனியில் பதினொரு நிலைக் கோபுரம் 192 அடி உயரத்துக்கு இருட்டாக நிற்கும். உள்ளே திருப்பாவை சேவிக்கும் குரல் கேட்கும். அந்த நேரத்துக்கு ஆறாமீன் மலைக்குப் பின்னால் இறங்கிப் போயிருக்கும். ஆனால் வானம் காலியாக இருக்காது. மார்கழி நடுவில், காலை ஐந்து மணி வாக்கில் அந்த ஊரில் நின்று நிமிர்ந்து பார்த்தால் உச்சியை ஒட்டி நிற்பது பூரம். ஆண்டாள் அவதரித்ததாகச் சொல்லும் நட்சத்திரம். ஆடிப்பூரத்தில் ஆண்டாளுக்குத் தேர் இழுக்கும் ஊரில், அந்தப் பூரத்தைக் கண்ணால் பார்க்க ஏற்ற நேரம் திருப்பாவை ஒலிக்கும் நேரம்தான் என்பதைத் தெரிந்துகொள்ளப் பேரனுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. பூரத்துக்குச் சற்றுக் கிழக்கே, நல்ல இருட்டில் மட்டும் மெல்லிய பொடியாகத் தெரியும் இன்னொரு கூட்டமும் உண்டு. கோமா என்று அதைச் சொல்வார்கள். அதுவும் கார்த்திகையின் இனத்தைச் சேர்ந்ததே.

திருப்பாவையின் பதின்மூன்றாம் பாசுரத்தில் வெள்ளி எழுந்ததையும் வியாழன் மறைந்ததையும் ஆண்டாள் சொல்வதைக் கொண்டு, அப்படி ஒரு விடியல் எப்போது அமைந்திருக்கும் என்று கணக்கிட்ட மு. இராகவையங்கார் 731-ஆம் ஆண்டு டிசம்பர் 18 என்று முடிவு செய்தார். வேறு ஆண்டுகளைச் சொன்னவர்களும் உண்டு. எந்த ஆண்டாக இருந்தாலும், வீட்டு வாசலில் நின்று விடியல் வானத்தைப் படிக்கத் தெரிந்த பெண்கள் வாழ்ந்த ஊர் அது என்பதில் வீட்டுக்காரருக்குச் சந்தேகமே இல்லை. கோயிலிலிருந்து திரும்பும்போது அப்பத்தா தவறாமல் பால்கோவா வாங்கித் தருவார். வாழையிலையில் சுற்றிய அந்தச் சூடு பஸ்ஸில் மடி முழுக்கப் பரவும்.

பள்ளி இறுதி ஆண்டுகளில் அவன் இருந்தபோது ஹேலி வால்நட்சத்திரம் வந்தது. 1985 நவம்பர் நடுவில், கார்த்திகை பிறந்த அந்த வாரத்தில், அது ஆறாமீனுக்குச் சற்றுத் தெற்கே கடந்து போயிற்று. பத்திரிகைகள் படம் போட்டு எழுதின. மழைக்காலம் ஆகையால் பல இரவுகள் வீணாயின. ஒரு ராத்திரி மழை வெறித்து வானம் கழுவிவிட்டாற்போல் கிடந்தது. இயற்பியல் வாத்தியார் யாரிடமோ இரவல் வாங்கிய பைனாகுலரோடு மாணவர்களைப் பள்ளி மாடிக்கு வரச் சொன்னார். தேய்பிறை முடிந்து சில நாளே ஆன நிலா சீக்கிரம் மலைக்குள் இறங்கியது.

வால்நட்சத்திரம் ஏமாற்றியது. வால் இல்லை. தேய்த்துவிட்ட சுண்ணாம்புப் பொட்டாக ஏதோ ஒன்று; அதுவும் இருக்கிறது என்று சொன்னால்தான் தெரிந்தது. பையன்கள் முணுமுணுத்தார்கள். "அதை விடுங்கடா. அப்படியே கொஞ்சம் வடக்க தூக்கு" என்றார் வாத்தியார்.

வடக்கே தூக்கியதும் அவன் வாய் விட்டுக் கத்திவிட்டான். அங்கே இருந்தது ஆறு அல்ல. முப்பது, நாற்பது, அதற்கும் மேலே. நீலமும் வெள்ளையுமாகப் பைனாகுலரின் வட்டம் நிரம்பி வழிந்தது. அம்மா அண்ணாந்து பார்த்து ரசம் சூடு பண்ணப் போன அந்த ஆறு புள்ளிக்குள் இவ்வளவு பேர் இருந்திருக்கிறார்கள். 1610-இல் கலிலியோ தன் சிறு தொலைநோக்கியை இதே கூட்டத்தின் மீது திருப்பி, 36 விண்மீன்களைப் படமாக வரைந்து அச்சிட்டார். அன்று பள்ளி மாடியில் நின்ற பையன்களுக்குக் கிடைத்ததும் அதே காட்சிதான். பைனாகுலரைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் அடுத்தவன் கையில் கொடுத்தது அவருக்கு இன்றும் கையில் உறைத்திருக்கிறது. ஹேலி மறுபடி 2061-இல்தான் வரும். ஆறாமீன் மறுநாளே வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது.

வாத்தியார் சொன்னவற்றில் சில அவர் மனத்தில் அப்படியே தங்கிவிட்டன. இவை ஏதோ ஒரே திசையில் தற்செயலாகத் தெரியும் விண்மீன்கள் அல்ல. ஒரே வாயு மேகத்திலிருந்து ஏறத்தாழ ஒரே சமயத்தில் பிறந்த உடன்பிறப்புகள். இதை முதலில் கணக்குப் போட்டுச் சொன்னவர் இங்கிலாந்துப் பாதிரியார் ஜான் மிச்செல். இத்தனை விண்மீன்கள் தற்செயலாக இப்படி நெருங்கித் தெரிவதற்கு ஏறத்தாழ 5 லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான் என்று 1767-இல் அவர் எழுதினார். ஆயிரத்துக்கு மேல் விண்மீன்கள் கொண்ட இந்தக் கூட்டத்தின் வயது 10 கோடி ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். நம் சூரியனுக்கு 460 கோடி. அதாவது கார்த்திகை பிறந்தபோது பூமியில் டைனோசர்கள் நடமாடிக்கொண்டிருந்தன. தூரம் சுமார் 440 ஒளியாண்டு. இன்று மம்சாபுரத்து வரப்பில் விழும் அந்த ஒளி அங்கிருந்து கிளம்பியபோது, ஸ்ரீவில்லிபுத்தூரில் அரண்மனை கட்டிய திருமலை நாயக்கர் அரியணை ஏற இன்னும் நாற்பது ஆண்டு போல இருந்தது.

இப்படித் தளர்வாகச் சேர்ந்திருக்கும் கூட்டங்களைத் திறந்த கொத்து என்று வானியலில் சொல்கிறார்கள். ஈர்ப்பு விசை அவற்றை இழுத்துப் பிடித்திருக்கிறது, ஆனால் என்றைக்கும் பிடித்து வைத்திருக்கப் போதாது. இன்னும் 25 கோடி ஆண்டுகளில் கார்த்திகை கலைந்துபோகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கலைவது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமென்றால் பக்கத்திலேயே ரோகிணி இருக்கிறது. சிவப்பாக மின்னும் ரோகிணிக்குப் பின்னால், வி வடிவத்தில் தெரியும் கூட்டம் கார்த்திகைக்கு மூத்தது. வயது 60 கோடிக்கு மேல். விலகி விலகி நிற்பது கண்ணுக்கே தெரியும். அந்தச் சிவப்பு விண்மீன் மட்டும் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. அது நமக்குப் பாதி தூரத்துக்கும் இந்தப் பக்கம், தனியாக நிற்கிறது.

ஆறா ஏழா என்ற கேள்வி உலகம் முழுக்க இருக்கிறது. நமக்கு முருகனைப் பாலூட்டி வளர்த்த கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். கிரேக்கர்களுக்கு ஏழு சகோதரிகள், அதில் ஒருத்தி காணாமல் போய்விட்டாள். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் கதைகளிலும் ஏழு பெண்கள் வருகிறார்கள். மிக நெருங்கி நிற்கும் இரண்டு விண்மீன்கள் இன்று வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகின்றன; ஒரு லட்சம் ஆண்டுக்கு முன் அவை விலகித் தெரிந்திருக்கும், கதை அவ்வளவு பழையதாக இருக்கலாம் என்று ஆஸ்திரேலிய வானியலாளர் ரே நோரிஸ் 2021-இல் எழுதினார். ஜப்பானில் இதன் பெயர் சுபாரு. அந்தப் பெயரில் ஓடும் கார்களின் சின்னத்திலும் ஆறு நட்சத்திரங்களே உள்ளன. நியூசிலாந்தின் மவோரி மக்கள், தாத்தா ஆனி விடியலில் தேடியது போலவே, அதன் முதல் உதயத்தைப் புத்தாண்டாகக் கொண்டாடுகிறார்கள். 2022 முதல் அங்கே அது தேசிய விடுமுறை.

கார்த்திகைத் திருநாள் அன்று ஆறாமீனைப் பார்ப்பது கடினம் என்பது பலருக்குத் தெரியாது. முழுநிலா கார்த்திகைக்கு அருகே வரும் நாள்தான் அந்தத் திருநாள். அகநானூற்றின் 141-ஆம் பாட்டில் நக்கீரர் சொல்லும் விளக்கு விழாவும் நிறைமதி அறுமீனோடு சேரும் இரவில்தான் நடக்கிறது. நிலா வெளிச்சத்தில் அந்தச் சிறு கூட்டம் கரைந்துபோகும். பிள்ளைப் பருவத்தில் அவனுக்கு இது குறையாகவே தெரியவில்லை. அன்றைக்கு மேலே பார்க்க யாருக்கு நேரம்? வாசல் நிறைய அகல். பனையோலையில் அவித்த கொழுக்கட்டையின் மணம். கோயில் முன் சொக்கப்பனை எரியும்போது கூட்டம் பின்னால் நகரும். பையன்கள் பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, துணியில் சுற்றி மட்டைக்கு நடுவே கட்டி, மாவளி சுற்றுவார்கள். பொறி வட்டமாகப் பறக்கும். சட்டையில் ஓட்டை விழுந்து மறுநாள் வசவு கிடைக்கும். "கர்ணனுக்கு மேல கொடையில்ல, கார்த்திகைக்கு மேல மழையில்ல" என்று சொல்லிக்கொண்டே அப்பத்தா பொரி உருண்டையைக் கையில் திணிப்பார். இப்போது அந்தத் தெருவில் மாவளி சுற்றத் தெரிந்த பிள்ளை ஒன்றும் இல்லை. கட்டித் தருவதற்குப் பனம்பூ தேடிப் போகிறவரும் இல்லை.

வீடுகளில் மாடி எழும்பியது. மாடியில் படுப்பது நின்றது. முதலில் மின்விசிறி, பிறகு கொசு, பிறகு ஏசி. தாத்தாவும் அம்மாவும் போன பிறகு, ஆறாமீனைப் பற்றிப் பேச அந்த வீட்டில் சந்தர்ப்பமே வரவில்லை. அது திரும்பி வந்தது மின்வெட்டில். 2012-இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. தறிகள் நின்றன, மில்கள் தவித்தன, பேண்டேஜ் வியாபாரமும் படுத்தது. அது கஷ்டகாலம்தான், அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் வெக்கை தாங்காமல் தெருவே பாயோடு மாடிக்கு ஏறியது. ஏறிய பிள்ளைகள் மேலே பார்த்து, "இதெல்லாம் முன்னாடியும் இருந்துச்சாப்பா?" என்று கேட்டார்கள்.

அவர் தன் மகளுக்கு அப்போதுதான் ஆறாமீனைக் காட்டினார். பக்கத்து மாடியிலிருந்து ஒரு மூதாட்டி, "கூட்டத்த விட்டுட்டுக் கொஞ்சம் ஓரமாப் பாரு தாயி" என்று குரல் கொடுத்தார். தாத்தாவின் சூத்திரம் அந்தத் தெரு முழுக்க இருந்திருக்கிறது. மகள் ஏழு எண்ணினாள். அடுத்த சில மாதங்களில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது, பிறகு மின்வெட்டே குறைந்தது. பாய்கள் கீழே இறங்கின.

மஞ்சள் சோடியம் விளக்குகளுக்குப் பதிலாக இப்போது வெள்ளை எல்.இ.டி. விளக்குகள். மின்சாரம் மிச்சம், பாதை தெளிவு. இவை நல்ல காரியங்களே. ஆனால் வெள்ளை ஒளியில் நீலப் பங்கு அதிகம். நீலம் காற்றில் அதிகமாகச் சிதறும். மூடியில்லாமல் பக்கவாட்டிலும் மேலேயும் வீசும் விளக்கு, ஊரின் தலைக்கு மேல் ஒரு பால் திரையை விரித்துவிடுகிறது. மதுரை–தென்காசி சாலையின் இருபுறமும் கடை விளக்குகள். மலையடிவாரத்தில் செண்பகத்தோப்புப் பக்கம் இருட்டு மிச்சமிருக்கிறது. ஆனால் 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு அது. இரவில் அங்கே சுற்றுவது கூடாது, கூடவும் வேண்டாம். எனவே வானத்தை ஊருக்குள்ளேயேதான் மீட்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

முடியாத காரியமும் அல்ல. லடாக்கின் ஹான்லேயில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கிகள் இருக்கும் பகுதி 2022-இல் இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கிராமத்து மக்கள் விளக்குகளுக்கு மூடி போட்டு, ஜன்னல்களில் கனமான திரை மாட்டி ஒத்துழைக்கிறார்கள். பல குடும்பங்களில் பெண்கள் பயிற்சி பெற்று, வருகிறவர்களுக்குத் தொலைநோக்கியில் வானம் காட்டிச் சம்பாதிக்கவும் செய்கிறார்கள். நம் ஊர்களுக்கு அவ்வளவுகூட வேண்டியதில்லை.

 மாடிப்படிக்கு அடியில் கிடந்த அந்தக் கட்டிலுக்குப் புதுக்கயிறு பின்ன ஆள் தேடியபோது, ராஜபாளையத்தில் அந்த வேலை தெரிந்தவர் கிடைப்பது சிரமமாக இருந்தது. மம்சாபுரத்துப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து பின்னிக் கொடுத்தார். சட்டத்தை இறுக்கிக்கொண்டே, கமலை ஓட்டிய கதை, ராத்திரிக் கரண்டுக்குக் காத்திருந்த கதை என்று நிறையச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த மனைவி, அதன் பிறகு கட்டிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழி சுலபம். கார்த்திகைத் தீபம் கழிந்து ஒரு வாரம் போகட்டும். நிலா எழ நள்ளிரவு ஆகிவிடும். இரவு எட்டு மணிக்கு மாடி விளக்கை அணைத்துவிட்டு, செல்பேசியைக் கீழே வைத்துவிட்டு, கால் மணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். கிழக்கே பாதி வானம் ஏறிய உயரத்தில், சிவப்பு ரோகிணிக்கு மேலே அது நிற்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கூட்டிப்போய் அவர்கள் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், எதற்குப் பார்த்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை தெருவிளக்கு மாற்றும்போது, ஒளி தரையில் மட்டும் விழும்படி மேலே மூடியிட்ட, மஞ்சள் சாயல் கொண்ட விளக்குகளை வாங்குங்கள்.